அபோலித்தி மொனர்ஹீயா: 'கொடுங்கோலாட்சி' என்று நான் சொன்னது பிழையா?

பிரேயஸ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஏதென்சில் குடும்பத்துடன் இருக்கிறேன். பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை. கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் போதுமான கிரேக்கம் எனக்கு வரும்; பாடநூல் கிரேக்கம் அவ்வளவாக வராது.

என் மகளுக்குப் பள்ளியில் ஓத்தோ மன்னரின் காலம் பாடம். பவேரியாவிலிருந்து வந்து கிரேக்கத்தின் முதல் அரசரானவர். போன வாரம் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கே வந்து, "அப்பா, அபோலித்தி மொனர்ஹீயா என்றால் தமிழில் என்ன?" என்று கேட்டாள். யோசிக்காமல் "கொடுங்கோலாட்சி" என்று சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பொருளையே மனத்தில் வைத்துக்கொண்டு, விடைத்தாளில் "ஓத்தோவின் ஆட்சி திரன்னீயா" என்று, கொடுங்கோலாட்சிக்குரிய கிரேக்கச் சொல்லைப் போட்டு, எழுதிவிட்டாள். ஆசிரியை அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "இது வேறு, அது வேறு" என்று குறித்திருக்கிறார். மதிப்பெண் போனதைப் பற்றி மகள் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள் சொன்னது தப்பா அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

இரண்டு கேள்விகள். இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது? பாடநூலில் ஓரிடத்தில் அபோலித்தி மொனர்ஹீயா என்றும் இன்னோரிடத்தில் அபோலித்தர்ஹீயா என்றும் வருகிறது, இரண்டும் ஒன்றா?

---

நெல்லைச்சீமை

முப்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பையே தொழிலாகச் செய்தவன் என்ற முறையில் முதல் மறுமொழி என்னுடையதாக இருக்கட்டும்.

நம் பாடநூல்களில் புழங்கும் சொல் முழு முடியாட்சி. வரம்பற்ற முடியாட்சி என்றும் எழுதுகிறார்கள். கொடுங்கோலாட்சி அல்ல. கொடுங்கோல் என்பது கோல் வளைந்ததைச் சொல்கிறது, அதாவது ஆட்சி நடக்கும் விதத்தை. முழு முடியாட்சி என்பது அந்தக் கோலைத் தடுக்க வேறு கை எதுவும் இல்லாத நிலை. அதே நிலையில் செங்கோலும் நடக்கலாம், கொடுங்கோலும் நடக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு: அபோலித்தி மொனர்ஹீயா அரசின் வடிவத்துக்குப் பெயர். இன்றைய சவூதி அரேபியாவை, புருனையை, வத்திக்கானைப் பற்றி எழுதும்போது கிரேக்கர்கள் இதைத்தான் எழுதுவார்கள். அபோலித்தர்ஹீயா அந்த வடிவத்தைத் தாங்கி நிற்கும் கோட்பாட்டுக்கும் முறைக்கும் பெயர். பதினான்காம் லூயியின் பிரான்சைப் பற்றிய பாடத்தில் அதிகம் வரும். முன்னதை நிதானமாகச் சொல்லலாம். பின்னதைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு கண்டனத் தொனி கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் 'முழு' என்ற நம் சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். அது அளவைச் சொல்கிறது: பாதி அதிகாரம், முக்கால் அதிகாரம், முழு அதிகாரம் என்பது போல. கிரேக்கச் சொல்லில் அளவே கிடையாது. 'லீயோ' என்றால் அவிழ்ப்பது, 'அபோ' என்றால் அதிலிருந்து. கட்டிலிருந்து அவிழ்க்கப்பட்டது, அதுதான் அபோலித்தோஸ். இலத்தீனின் அப்சொலூதுஸ் என்ற சொல்லும் அச்சாக இதே அமைப்பு. உரோமைச் சட்ட அறிஞர் உல்பியன், பேரரசர் சட்டங்களிலிருந்து அவிழ்க்கப்பட்டவர் என்று எழுதினார். 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டில் அந்த வரி ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிற்கால ஐரோப்பிய அரசர்கள் தங்கள் உரிமையைப் பேசினார்கள்.

நீங்கள் அங்கேயே வாழ்பவர். அபோலிசி, அபோலித்தீரியோ என்ற சொற்களைக் கேட்டிருப்பீர்களே?

---

பிரேயஸ்வாசி

ஐயா, இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அபோலிசி எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது என் பக்கத்து மேசைக்காரர் கையில் கொடுத்த தாளின் தலைப்பு அது. வேலையிலிருந்து விடுவிப்பு. அபோலித்தீரியோ என்பது பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் பிள்ளைக்குக் கொடுக்கும் சான்றிதழ். இரண்டிலும் ஒரு கட்டு அவிழ்கிறது. அரசருக்கு அவிழ்ந்தது சட்டத்தின் கட்டு. இத்தனை ஆண்டுகள் இந்தச் சொற்களுக்கு நடுவிலேயே இருந்தும் இவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

---

வன்னிமகள்

நான் சட்டம் படித்தவள், கிளிநொச்சிப் பக்கம். 'முழு' வேண்டாம் என்று நெல்லைச்சீமை ஐயா சொல்வதை வழிமொழிகிறேன். நல்ல சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: வரம்பிலா முடியாட்சி.

எங்கள் ஊரில் வயலுக்கும் வயலுக்கும் நடுவே கட்டும் மண்மேட்டை இன்றும் வரம்பு என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் வரப்பு என்பீர்கள். வரம்பு தண்ணீரைக் குறைப்பதில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. மாரியில் வரம்பு உடைந்தால் வாய்க்காலில் வருவது அதே தண்ணீர்தான். ஆனால் யாருடைய வயலில் எவ்வளவு நிற்கும் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அரசனிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று கேட்பதைவிட, அந்த அதிகாரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல இன்னொருவருக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

கிரேக்கர்கள் இதை மிகவும் முன்பே கேட்டுவிட்டார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றில் பாரசீகப் பிரபுக்கள் மூவர் ஆட்சி முறைகளைப் பற்றி வாதிடுவதாக ஓரிடம் வைக்கிறார். தனியாட்சியை எதிர்ப்பவர் ஒத்தானிஸ். கணக்குக் காட்டவே தேவையில்லாமல் விரும்பியதைச் செய்யலாம் என்ற நிலையில் எவ்வளவு நல்ல மனிதனை நிறுத்தினாலும் அவன் மாறிவிடுவான் என்பது அவருடைய வாதம். அந்தக் 'கணக்கு' வெறும் உவமை இல்லை. பழைய ஏதென்சில் பதவிக் காலம் முடிந்த அலுவலர் தம் செயலுக்கும் செலவுக்கும் கணக்கு ஒப்படைத்தே தீர வேண்டும். இன்றைய கிரேக்கத்தில் பொறுப்புக்குரிய சொல்லும் அந்த வேரிலிருந்தே வருகிறது.

எதேச்சாதிகாரம் என்ற நம் சொல்லையும் பாருங்கள். இச்சைப்படி நடக்கும் அதிகாரம். ஒத்தானிஸ் சொன்னதன் ஒரு பாதி அதில் இருக்கிறது. கணக்குக் காட்டாமை என்ற மறு பாதி இல்லை.

---

கரிசல்

எல்லாரும் சொல்லாராய்ச்சியில் இருக்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். அந்தக் குழந்தை எழுதியதில் எனக்குப் பெரிய தவறு தெரியவில்லை.

1833 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அன்றைய தலைநகரான நாஃப்பிலியோவில் வந்து இறங்கியபோது ஓத்தோவுக்குப் பதினேழு வயது. கூடவே 3,500 பவேரியச் சிப்பாய்கள். முந்தைய ஆண்டு லண்டனில் பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் பவேரியாவும் கையெழுத்திட்டு அந்த நாட்டை அவருக்குக் கொடுத்தன. அந்த ஒப்பந்தத்தில் கிரேக்கரின் கையெழுத்து இல்லை. இத்தனைக்கும் அந்த மக்கள் துருக்கிய ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டே மூன்று அரசியல் சட்டங்களை எழுதியவர்கள்: 1822இல் எப்பிதவ்ரோசில், 1823இல் ஆஸ்த்ரோசில், 1827இல் த்ரெசினாவில். இறையாண்மை தேசத்தினுடையது, எல்லா அதிகாரமும் அதிலிருந்தே பிறக்கிறது என்று அந்த மூன்றாவது சட்டம் சொன்னது. அதையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு ஒரு பையனை அரியணையில் அமர்த்தினார்கள். இதற்குக் கொடுங்கோல் என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? உழுதவனுக்கு அரசன் சட்டத்துக்கு உட்பட்டவனா இல்லையா என்பதா கவலை? வரி கொடுக்க முடியாதவனின் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும்போது இரண்டும் ஒன்றுதான்.

---

நெல்லைச்சீமை

கரிசல் தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஆட்சியின் ஒரே ஒரு நாளை அருகில் சென்று பார்த்தால், இந்த இரண்டு சொற்களையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

1834. ஓத்தோவுக்கு வயது நிரம்பாததால் ஆர்மான்ஸ்பெர்க், மவுரர், ஹைடெக் என்ற மூன்று பவேரியர்களைக் கொண்ட பதிலாட்சிக் குழு நாட்டை நடத்திக்கொண்டிருந்தது. விடுதலைப் போரின் பெரும் தளபதி கொலொகொத்ரோனிஸ் மீது தேசத் துரோக வழக்கு. நாஃப்பிலியோவில் முன்பு மசூதியாக இருந்த ஒரு கட்டடத்தில் விசாரணை. விடுதலைப் போர்க் காலத்தில் கிரேக்கரின் பிரதிநிதிகள் சபை கூடியதும் அதே கட்டடத்தில்தான். ஐந்து நீதிபதிகள். மூவர் மரண தண்டனை என்றார்கள். தலைமை நீதிபதி பொலிசொயிதிசும், தெர்ட்செட்டிஸ் என்ற இன்னொருவரும் சான்று போதாது என்று சொல்லிக் கையெழுத்திட மறுத்தார்கள். நீதி அமைச்சரின் ஆணைப்படி காவல் படையினர் அந்த இருவரையும் இழுத்துக்கொண்டு வந்து இருக்கையில் உட்கார வைத்தார்கள். அப்படியும் அவர்கள் கையெழுத்திடவில்லை. பிறகு அந்த நீதிபதிகள் மீதே வழக்குப் போட்டார்கள்; அவர்கள் விடுதலையானார்கள். தளபதியின் மரண தண்டனை சிறையாகக் குறைக்கப்பட்டது. 1835இல் ஓத்தோ வயதுக்கு வந்ததும் அவரை மன்னித்து வெளியே விட்டார்.

இந்தக் கதையில் சட்டம் இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதே 1834இல்தான் மவுரர் கிரேக்கத்துக்குக் குற்றவியல் சட்டமும் நடைமுறைச் சட்டங்களும் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றங்கள் வந்தன. 1837இல் ஏதென்சில் பல்கலைக்கழகம் வந்தது. சட்டத்தை அவர்கள் வெறுக்கவில்லை. ஆனால் அது கீழ்நோக்கி மட்டுமே பாய்ந்தது: தளபதியைக் கட்டியது, நீதிபதியைக் கட்டியது, சட்டம் செய்தவரைக் கட்டவில்லை. தண்டனை கொடுத்ததும் மேலிருந்து, மன்னிப்பு வந்ததும் மேலிருந்து. அந்த மன்னிப்பு நல்ல செயல்தான். அதைச் செய்தவர் கொடுங்கோலர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் மன்னிக்காமல் விட்டிருந்தால் அந்த முதியவர் போய் முறையிட நாட்டில் வேறு ஒரு வாசல் கிடையாது. முழு முடியாட்சி என்பது அந்த இல்லாத வாசல்தான்.

---

அலைவாய்

நெல்லைச்சீமை ஐயா சொன்னதை அரிஸ்டாட்டிலிடமிருந்தும் சொல்லலாம். ஒருவரின் ஆட்சி எல்லாமே அவருக்கு மொனார்ஹியா. அதன் கீழ் இரு கிளைகள்: மக்களின் நன்மைக்காக ஆண்டால் அரசாட்சி, தன் நன்மைக்காக ஆண்டால் திரன்னீயா. அதாவது திரன்னீயா என்ற சொல் 'யாருக்காக' என்ற கேள்விக்கு விடை. அரசாட்சியின் வகைகளைப் பிரிக்கும்போது இன்னொரு கேள்வி கேட்கிறார்: சட்டப்படியா, தன் விருப்பப்படியா? ஸ்பார்ட்டாவின் அரசர்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். மறு முனையில், குடும்பத் தலைவன் வீட்டை நடத்துவது போல எல்லாவற்றையும் தன் விருப்பப்படி நடத்தும் அரசன். அதற்கு அவர் வைத்த பெயர் பம்பசிலெயா. 'எல்லாம்' என்ற சொல்லை அரசாட்சியுடன் ஒட்டிய பெயர். நம் 'முழு முடியாட்சி' உண்மையில் இந்தப் பழைய சொல்லுக்குத்தான் நெருக்கம்.

ஆக, ஆசிரியை போட்ட சிவப்பு வட்டம் சரி. இரண்டு வேறு கேள்விகளின் விடைகளை மகள் ஒன்றாக்கிவிட்டாள்.

கிரேக்கத்துக்குக் கொண்டுபோகும்போது இன்னும் இரண்டு குழிகள் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் வசையாகிவிட்ட 'தெஸ்பாட்' என்ற சொல்லின் மூலம் கிரேக்கத்தின் தெஸ்போத்திஸ். ஆனால் அங்கே இன்று தெஸ்போத்திஸ் என்றால் மக்கள் பேச்சில் ஆயர். கோயிலில் அவரை மரியாதையாக அழைப்பதே அந்தச் சொல்லால்தான். பைசாந்தியக் காலத்தில் அது அரச குடும்பத்துக்குத் தரப்பட்ட உயர்ந்த பட்டம். அதேபோல் அஃப்தொக்ராத்தொரஸ் என்பதைப் பார்த்தவுடன் தன்னிச்சையாக ஆள்பவர் என்று பெயர்த்துவிடத் தோன்றும். அது வெறுமனே பேரரசர். வேர் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டிலும் தவறாமல் விழுகிறார்கள்.

---

நாணயப்பெட்டி

பழைய காசு சேர்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இந்த இழைக்குப் பொருத்தமாக இரண்டு கிரேக்கக் காசுகளைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

முதலாவது ஓத்தோ காலத்து வெள்ளி திராக்மா. இளைஞனின் பக்கவாட்டு முகம், மழித்த கன்னம். சுற்றி எழுத்து: ஓத்தோன், வசிலெஃப்ஸ் திஸ் எல்லாதோஸ். கிரேக்க நாட்டின் அரசர். இரண்டாவது, அவருக்குப் பின் வந்த முதலாம் ஜார்ஜின் வெள்ளிக் காசு. அதில் வசிலெஃப்ஸ் தோன் எல்லினோன். கிரேக்க மக்களின் அரசர். பூதக்கண்ணாடியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மாறியிருப்பது ஒரே ஒரு சொல். நாடு போய் மக்கள் வந்திருக்கிறார்கள். நிலத்துக்கு உரிமையாளராக வந்தவர் ஒருவர், மக்கள் அழைத்து வந்தவர் இன்னொருவர். நடுவே இருபது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

---

வன்னிமகள்

நாணயப்பெட்டி அண்ணா, உங்கள் இரண்டு காசுகளுக்கும் நடுவே நடந்ததை நான் சொல்கிறேன்.

பழைய நாட்காட்டிப்படி 1843 செப்டம்பர் 3. ஏதென்சில் இருந்த படை, குதிரைப்படைத் தளபதி கலெர்கிஸ் தலைமையில் அரண்மனைக்கு முன்னால் வந்து நின்றது. விடுதலைப் போர் வீரர் மக்ரியானிசும் உடந்தை. மக்களும் திரண்டார்கள். அவர்கள் கேட்டது சின்தக்மா, அதாவது அரசியல் சட்டம். ஓத்தோ விழவேண்டும் என்று அன்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசர் இருக்கட்டும், வரம்பு வேண்டும் என்றார்கள். அவர் இணங்கினார். 1844இல் அரசியல் சட்டம் வந்தது. அபோலித்தி மொனர்ஹீயா அன்றோடு முடிந்து சின்தக்மதிகி மொனர்ஹீயா, அதாவது அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சி, பிறந்தது. கரிசல் அண்ணாவின் கேள்விக்கு இதுவே என் விடை. கொடுங்கோல் என்றால் கோலைப் பிடித்தவரை மாற்றினால் போதும். வரம்பின்மை என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை, ஏட்டில் எழுத வேண்டும். அன்று நின்ற கூட்டத்துக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது.

எழுதியதையும் ஓத்தோ மனத்தார ஏற்கவில்லை. 1862இல் அவரை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் இளவரசர் ஜார்ஜ் வந்தார். அவருக்கும் பதினேழு வயது! வரம்பிலா முடியாட்சியையே சட்டமாக எழுதி வைத்த நாடு டென்மார்க். 1665இல் செய்த அரச சட்டம் 1849 வரை நடப்பில் இருந்தது. ஜார்ஜ் பிறந்தது 1845, அதாவது அந்தச் சட்டத்தின் கீழ். அப்படிப்பட்டவரைக் கூட்டி வந்து, 1864இல் கிரேக்கர்கள் எழுதியது என்ன தெரியுமா? எல்லா அதிகாரமும் தேசத்திலிருந்து பிறக்கிறது. அரசியல் சட்டமும் அதற்கு இணங்கிய சட்டங்களும் வெளிப்படையாகத் தருவதைத் தவிர அரசருக்கு வேறு அதிகாரம் இல்லை. அபோலித்தோசுக்கு இதைவிட நேரான எதிர்ப்பதம் கிடையாது. அவிழ்த்ததை அத்தனை முடிச்சாகத் திரும்பக் கட்டினார்கள். அந்த வடிவத்துக்கு வைத்த பெயர் வசிலெவோமெனி திமொக்ரத்தீயா, அரசர் வீற்றிருக்கும் மக்களாட்சி. நம் 'முடியாட்சி', 'குடியாட்சி' என்ற எதிர்ச் சொற்களை வைத்துக்கொண்டு இதைப் பெயர்க்க முயன்று நான் தோற்றிருக்கிறேன்.

---

கரிசல்

ஆளை மாற்றுவதற்கும் ஏட்டில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கிறேன். அங்கே என் சொல் தவறு. ஆனால் ஏட்டில் எழுதிவிட்டால் முடிந்தது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1967 ஏப்ரல் 21 அன்று கிரேக்கத்தில் படை அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்து அரசியல் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை நிறுத்தினார்கள். அவர்கள் தலையில் மணிமுடி இல்லை, பரம்பரை இல்லை. ஆனால் அவிழ்த்துக்கொண்டார்கள். 1974இல் அந்த ஆட்சி விழுந்து, டிசம்பர் 8 அன்று மக்கள் வாக்களித்து முடியாட்சியையும் வேண்டாம் என்றார்கள். 'அபோலித்தோஸ்' என்ற பாதி 'மொனர்ஹீயா' என்ற பாதி இல்லாமலும் வாழும் என்பதை அந்தக் குழந்தைக்குச் சொல்லுங்கள்.

---

அலைவாய்

கரிசல் சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்க்கிறேன். கிரேக்கத்தில் சின்தக்மா என்றால் அரசியல் சட்டம். படையில் ரெஜிமெண்டுக்கும் அதே சொல். கர்னலுக்கு சின்தக்மதார்ஹிஸ். ஒழுங்குபடச் சேர்த்து அமைப்பது என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்தவை. 1967இல் அரசியல் சட்டத்தை நிறுத்திய கூட்டத்தின் தலைவர்களைக் கிரேக்கர்கள் இன்றும் அழைப்பது இந்தப் பதவிப் பெயரால்தான். சின்தக்மாவைக் காக்க வேண்டிய பெயரை வைத்துக்கொண்டு அதை மிதித்தவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது.

---

பிரேயஸ்வாசி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மகளை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் சின்தக்மா நிலையத்துக்குப் போனேன். நூறு முறையாவது அங்கே இறங்கியிருப்பேன், அந்தப் பெயர் ஒரு கோரிக்கை என்று தெரியாமல். படியேறி வெளியே வந்தால் எதிரே மேட்டில் மஞ்சள் நிறக் கட்டடம். அது ஓத்தோவுக்காகக் கட்டிய அரண்மனை. இன்று நாடாளுமன்றம். வன்னிமகள் எழுதியதை அவளுக்குச் சொன்னேன்: "இங்கேதான் நின்றார்கள், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு." அவள் சாலையைக் கடந்து கட்டடத்துக்கு நேர் எதிரே போய் நின்று சன்னல்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "அவர் எந்தச் சன்னலில் வந்து நின்றார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டாள். அபோலித்தி மொனர்ஹீயாவுக்கு எதிரே 'வரம்பிலா முடியாட்சி'. திரன்னீயாவுக்கு எதிரே 'கொடுங்கோலாட்சி'. அபோலித்தர்ஹீயாவுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறாள். 'வரம்பின்மைக் கொள்கை' என்று நான் சொன்னேன். "அது வேறு எதற்கோ பெயர் மாதிரி இருக்கிறது" என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?

---

நெல்லைச்சீமை

'வரம்பிலா அதிகாரம்' என்று இப்போதைக்கு எழுதச் சொல்லுங்கள், ஆனால் பென்சிலில். நானும் யோசிக்கிறேன். 'சர்வாதிகாரம்' மட்டும் வேண்டாம். அதற்குக் கிரேக்கத்தில் திக்தத்தோரீயா என்று தனிச் சொல் இருக்கிறது, ஆசிரியை மறுபடியும் வட்டமிடுவார்.